கட்டாக விற்கும் மென்பொருள்

மாலைப் பொழுது சாய்ந்து சந்தை கலையும் வேளையில், காய்கறி விற்போர் மீந்த சரக்கைக் கூறு கட்டி வைப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். காலையில் எடை போட்டு விற்ற தக்காளி, மாலையில் கூறு இவ்வளவு என்று பாதி விலைக்குப் போய்விடுகிறது. காரணம் வெளிப்படை. இன்று போகாத தக்காளி நாளை அழுகிவிடும். அழுகவிடுவதைக் காட்டிலும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது மேல் அல்லவா?

கணிப்பொறியில் இயங்கும் மென்பொருள்களும் இப்பொழுது இவ்வாறே கூறு கட்டி விற்கப்படுகின்றன. தனித்தனியே வாங்கினால் பல நூறு டாலர் ஆகக்கூடிய பத்து மென்பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி, ஐம்பது டாலருக்குத் தருகிறோம் என்கிறார்கள். சில வேளைகளில், உங்களுக்கு விருப்பமான விலையைக் கொடுங்கள் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் மென்பொருள் தக்காளியன்று, ஓரிரவில் அழுகுவதில்லை. அவ்வாறிருக்க, அதை ஏன் இத்தனை மலிவாக விற்க வேண்டும்? இந்த மலிவினால் வாங்குவோருக்கு நன்மையா? இரவு பகலாக உழைத்து அதனை இயற்றியவருக்கு நன்மையா? அல்லது இடையில் நின்று கட்டைக் கட்டியவருக்கு மட்டுமே நன்மையா? இவற்றை ஆராய்வதே இந்த உரையின் நோக்கம்.

முதலில் மென்பொருள் என்னும் பண்டத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாற்காலியைச் செய்ய மரமும் கூலியும் தேவை. இரண்டாவது நாற்காலிக்கும் அதே அளவு மரமும் கூலியும் தேவை. மென்பொருளின் கணக்கு வேறு. முதற் பிரதியை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பும் பெரும் பொருளும் செலவாகலாம். ஆனால் இரண்டாவது பிரதிக்கும், இரண்டு லட்சமாவது பிரதிக்கும், செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே ஒரு பிரதியை எவ்வளவு மலிவாக விற்றாலும், அந்தப் பிரதியைப் பொறுத்தவரையில் நட்டம் என்று சொல்ல இயலாது. விலையைத் தாழ்த்துவதற்குத் தரை என்று ஒன்று இல்லாத பண்டம் இது. அதன் பெருமையும் அதுவே, ஆபத்தும் அதுவே.

அடுத்து, தனித்தனியே விலை குறைக்காமல் கட்டாகக் கட்டுவது ஏன்? 1963-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அக்காலத்தில் அங்குள்ள திரைப்பட நிறுவனங்கள், ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் அதனுடன் வேறு படங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தொலைக்காட்சி நிலையங்களைக் கட்டாயப்படுத்தின என்னும் வழக்கு, அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றிருந்தது. அதை ஒட்டியே ஸ்டிக்லர் எழுதினார். அவருடைய கருத்தை நமக்கு ஏற்ற ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

இரண்டு மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஓவியத்தில் விருப்பம் மிகுதி. ஓவியம் வரையும் மென்பொருளுக்கு 800 ரூபாயும், இசையமைக்கும் மென்பொருளுக்கு 300 ரூபாயும் கொடுக்கச் சம்மதிப்பார். மற்றவருக்கு இசையில் நாட்டம். அவர் இசை மென்பொருளுக்கு 700 ரூபாயும், ஓவிய மென்பொருளுக்கு 400 ரூபாயும் கொடுப்பார். தனித்தனியே விற்றால், ஓவிய மென்பொருளில் 800 ரூபாயும் இசை மென்பொருளில் 700 ரூபாயும் ஆக மொத்தம் 1,500 ரூபாய்க்கு மேல் விற்பவருக்குக் கிடைக்க வழியில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாக 1,000 ரூபாய் என்று சொன்னால், இருவருமே வாங்குவார்கள். ஏனெனில் இருவருக்கும் அந்தக் கட்டின் மதிப்பு 1,100 ரூபாய். விற்பவருக்கு 2,000 ரூபாய் சேருகிறது. வாங்கியவர் ஒவ்வொருவருக்கும் மனக்கணக்கில் 100 ரூபாய் மிச்சம். மக்களின் சுவை வேறுபட்டிருக்கும் வரையில், கட்டாக விற்பது இரு தரப்புக்கும் ஆதாயம் தரக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில் பணம் முழுவதும் ஒரே பெட்டியில் விழுகிறது. ஓவிய மென்பொருளை ஒருவரும், இசை மென்பொருளை மற்றொருவரும் இயற்றியிருந்தால் அந்த 2,000 ரூபாயை எப்படிப் பிரிப்பது? கட்டிக் கொடுத்த மூன்றாமவருக்கு எவ்வளவு? இதைப் பற்றி அந்தக் கணக்கு வாய் திறப்பதில்லை. நம்முடைய கேள்வியோ அங்கேதான் தொடங்குகிறது.

மலிவு விற்பனைக்கு ஆதரவான சான்றுகளை முதலில் பார்ப்போம். ஸ்டீம் என்பது கணிப்பொறி விளையாட்டுகளை இணையத்தின் வழியாக விற்கும் பெரிய கடை. அதை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல், 2009-ஆம் ஆண்டில் தம் கடையின் பண்டிகைக்கால விற்பனை பற்றிச் சில எண்களை வெளியிட்டார். பத்து சதவீதத் தள்ளுபடியில் வருவாய் 35 சதவீதம் கூடிற்று. 25 சதவீதத் தள்ளுபடியில் 245 சதவீதம். பாதி விலையில் 320 சதவீதம். எழுபத்தைந்து சதவீதத் தள்ளுபடியிலோ 1,470 சதவீதம் கூடிற்று என்றார். இவை விற்ற பிரதிகளின் எண்ணிக்கையல்ல. கைக்கு வந்த பணத்தின் கணக்கு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அதே 2009-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மற்றொரு சோதனை நடந்தது. டூடி பாய் என்பது இரண்டு இளைஞர்கள் தொடங்கிய சிறு நிறுவனம். அவர்கள் இயற்றிய ‘வேர்ல்ட் ஆஃப் கூ’ என்னும் விளையாட்டின் வழக்கமான விலை 20 டாலர். அது வெளியாகி ஓராண்டு நிறைவுற்றதைக் கொண்டாடும் முறையில், விரும்பிய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் சுமார் 57,000 பேர் வாங்கினார்கள். அவர்களுள் மிகப் பலர் கொடுத்த விலை ஒரே ஒரு சென்ட். பணத்தைக் கொண்டு சேர்க்கும் கட்டணத்துக்கே அது போதாது. ஆயினும் சராசரி ஏறக்குறைய 2 டாலர் இருந்தது. ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதனினும் வியப்பானது, அதே வாரத்தில் வேறு கடையில் விற்ற அதே விளையாட்டின் விற்பனையும் குறையாமல் கூடியது. மலிவு விற்பனையால் எழுந்த பேச்சே அந்த விளையாட்டுக்கு விளம்பரமாகிவிட்டது.

இந்த வெற்றியின் தொடர்ச்சியாகவே 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஹம்பிள் இண்டி பண்டில்’ என்னும் கட்டு வந்தது. உல்ஃபயர் என்னும் சிறு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோசன், ஜான் கிரஹாம் ஆகியோர் அதற்கு முன்னின்றார்கள். தனித்தனியே வாங்கினால் 80 டாலர் அளவில் ஆகக்கூடிய விளையாட்டுகளை ஒன்றுசேர்த்து, விரும்பிய விலைக்குத் தந்தார்கள். அதில் ஒரு புதுமையையும் செய்தார்கள். தாம் கொடுக்கும் பணத்தில் விளையாட்டை இயற்றியவருக்கு எவ்வளவு, இரண்டு அறநிலையங்களுக்கு எவ்வளவு என்பதை வாங்குவோரே பிரித்துச் சொல்லலாம் என்பதே அது. சுமார் 1,38,000 பேர் வாங்கினார்கள். சேர்ந்த தொகை 12 லட்சத்து 70 ஆயிரம் டாலர் அளவில். சராசரியாக ஒருவர் கொடுத்தது 9 டாலருக்குச் சற்று மேல். ஒரு சென்ட் கொடுத்தாலும் போதும் என்ற இடத்தில் மக்கள் ஒன்பது டாலர் கொடுத்தார்கள் என்றால், பணம் யார் கைக்குப் போகிறது என்பதை வெளிப்படையாகச் சொன்னதும் அதற்கு ஒரு காரணம் என்று கொள்வதில் தவறில்லை.

இனி மறுபக்கத்தையும் நோக்குவோம். 2006-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஆப்பிள் நிறுவனத்தின் மாக்கின்டாஷ் கணிப்பொறிகளுக்கான மென்பொருள்களைச் சேர்த்து ‘மாக்ஹைஸ்ட்’ என்னும் பெயரில் ஒரு கட்டு விற்கப்பட்டது. விலை 49 டாலர். அதில் நான்கில் ஒரு பங்கு அறச்செயல்களுக்கு. 16,000-க்கும் மேற்பட்ட கட்டுகள் விற்றன. அறநிலையங்களுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் டாலர் சேர்ந்தது. பாராட்டத்தக்க செயல்தான். ஆயினும் அப்போதே பெரும் விவாதம் மூண்டது. காரணம், மென்பொருளை இயற்றியவர்களில் பலருக்கு விற்பனையில் பங்கு தரப்படவில்லை. முன்கூட்டியே பேசி முடித்த ஒரு தொகை மட்டுமே தரப்பட்டது. கட்டு ஆயிரம் விற்றாலும் பதினாயிரம் விற்றாலும் அவருக்கு அதே தொகைதான். விற்பனை பெருகப் பெருகக் கூடுதல் ஆதாயம் கட்டைக் கட்டியவர்களைச் சேர்ந்தது.

அதனால் என்ன, ஒத்துக்கொண்டுதானே கொடுத்தார்கள் என்று கேட்கலாம். பங்குகொண்டவர்களுள் சிலரும் அவ்வாறே வாதாடினார்கள். இவ்வாறு வாங்கியவர்கள் முழு விலைக்கு ஒருநாளும் வாங்கியிருக்கமாட்டார்கள். இன்று அறிமுகமானவர்கள் நாளை புதிய பதிப்பு வரும்போது பணம் கொடுத்து வாங்குவார்கள் என்றார்கள். இது ஒதுக்கித் தள்ளக்கூடிய வாதமன்று. ஆனால் மென்பொருளுக்கு நாற்காலிக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. நாற்காலியை விற்றவர் அதை மறந்துவிடலாம். மென்பொருளை விற்றவர் மறக்க முடியாது. வாங்கியவர் ஒவ்வொருவரும், இது இயங்கவில்லையே, அது எங்கே இருக்கிறது என்று கடிதம் எழுதக்கூடியவர். பிழை கண்டால் திருத்திக் கொடுக்க வேண்டும். திடீரென்று பதினாறாயிரம் புதிய வாடிக்கையாளர் வந்து சேர்ந்தால், வருவாய் நிலையாக நிற்க, வேலை மட்டும் பதினாறாயிரம் பேருக்கு வளர்கிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்னும் பழமொழி இவ்விடத்துக்கு நன்கு பொருந்தும்.

மென்பொருள் அழுகுவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னதையும் இங்கே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். அது தானாக அழுகுவதில்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் நிலம் பெயர்ந்துகொண்டே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ‘கேட்டலினா’ என்னும் புதிய இயக்க முறைமையை வெளியிட்டது. 32-பிட் முறையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் அதில் இயங்கா. முந்திய நாள் வரையில் குறையின்றி உழைத்த எத்தனையோ மென்பொருள்கள், புதிய முறைமையை ஏற்ற கணிப்பொறிகளில் ஒரே நாளில் பயனற்றுப் போயின. எவற்றை இயற்றியவர்கள் தொழிலில் நிலைத்து நின்று திருத்தி எழுதினார்களோ, அவை மட்டும் பிழைத்தன. ஆகவே மென்பொருள் வாங்குவது என்பது வீடு வாங்குவது போன்றது. கட்டிய செலவோடு கணக்கு முடிவதில்லை. ஆண்டுதோறும் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குச் சோறு போடுவது யார் என்பதே கேள்வி.

வாங்குவோர் பக்கமும் இந்த மலிவு கலப்பற்ற நன்மையன்று. 2014-ஆம் ஆண்டில் ஆர்ஸ் டெக்னிகா என்னும் இதழ், ஸ்டீம் கடையில் மக்கள் வாங்கிச் சேர்த்திருக்கும் விளையாட்டுகளை மாதிரிக் கணக்கெடுப்பு முறையில் ஆராய்ந்தது. அவற்றுள் ஏறக்குறைய 37 சதவீதம் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கப்படவில்லை என்று மதிப்பிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் பரணில் போட்டுவைத்த பாத்திரங்களின் கதைதான் இது. பத்துப் பொருளில் ஒன்பது பயன்படாவிட்டால், வாங்கியது பத்தல்ல, ஒன்றுதான். அந்த ஒன்றின் விலை என்ன என்று கணக்கிட்டால் மலிவு மறைந்துபோவதும் உண்டு.

அதே 2014-ஆம் ஆண்டில் ஜேசன் ரோரர் என்னும் விளையாட்டு ஆசிரியர் மற்றொரு தீங்கைச் சுட்டிக் காட்டினார். அடிக்கடி பெருந்தள்ளுபடி கொடுத்தால், முதல் நாளிலேயே ஆவலுடன் முழு விலை கொடுத்து வாங்கிய அன்பரைத்தான் நாம் தண்டிக்கிறோம்; பொறுத்திருந்து மலிவில் வாங்கியவருக்குப் பரிசு கொடுக்கிறோம் என்றார். சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். தம்முடைய ‘தி காசில் டாக்ட்ரின்’ என்னும் விளையாட்டை, முடிவுறாத நிலையில் 8 டாலருக்கும், வெளியான வாரத்தில் 12 டாலருக்கும், பின்னர் 16 டாலருக்கும் விற்பதாக அறிவித்தார். விலை ஏறுமே ஒழிய இறங்காது. ஆகவே முதலில் வருபவருக்கே ஆதாயம் என்பது அவருடைய முறை.

நியூவெல் சொன்ன எண்களுக்கும் ரோரரின் முறையீட்டுக்கும் இடையே முரண்பாடு ஏதும் உண்டா? உண்மையில் இல்லை. ஊரில் ஒரு கடை மட்டும் ஒரு நாள் பாதி விலைக்கு விற்றால் கூட்டம் அங்கே அலைமோதும். எல்லாக் கடைகளும் எல்லா நாளும் பாதி விலைக்கு விற்றால், பாதி விலையே முழு விலை என்றாகிவிடும். 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டீம் கடைக்கு 14,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்தன. அத்தனை பேரும் தள்ளுபடிக் கொடியைத் தூக்கினால், அந்தக் கொடி யார் கண்ணில் படும்?

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம் என்று தோன்றுகிறது. மென்பொருளில் இரு வகை உண்டு. ஒன்று, எழுதி முடித்த நாவலைப் போன்றது. விளையாட்டுகளில் பல இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றை முழு விலை கொடுப்போர் வாங்கி முடித்த பின்னர், ஓராண்டோ ஈராண்டோ கழித்துக் கட்டில் சேர்த்து மலிவாக விற்பது எல்லோருக்கும் நல்லது. நாவலுக்கு மலிவுப் பதிப்பு வருவதைப் போன்றதே அது. மற்றொன்று, நாள்தோறும் வேலைக்கு உதவும் கருவி. கணக்கு எழுதவும், படம் திருத்தவும், குறிப்புகளைத் தொகுக்கவும் உதவும் மென்பொருள்கள் இவ்வகையின. இவற்றுக்குத் தொடர்ந்த பராமரிப்பு தேவை. ஒரு முறை கிடைக்கும் சிறு தொகையில் இவற்றை நெடுங்காலம் காப்பாற்ற இயலாது. இவ்வகை மென்பொருளை அடிமாட்டு விலைக்கு விற்றால், இன்று வாங்குவோர் மகிழ்வார்கள். சில ஆண்டுகளில் இயற்றியவர் வேறு தொழில் தேடிப் போன பிறகு, வாங்கியவருடைய வேலையும் நின்றுபோகும். இயற்றியவருடைய நட்டம் இறுதியில் வாங்கியவருடைய வாசலுக்கே வந்து சேருகிறது. இருவருடைய நன்மையும் வேறு வேறு என்று எண்ணுவதுதான் இந்த விஷயத்தில் பெரிய மயக்கம்.

கருவிகளையும் கட்டாகத் தர வழியே இல்லையா? உண்டு. 2017-ஆம் ஆண்டில் மாக்பா என்னும் நிறுவனம் ‘செட்டாப்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் மாதம் 10 டாலர் அளவுக் கட்டணத்துக்குப் பல மென்பொருள்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அந்த வருவாயில் 70 சதவீதம், எந்த மென்பொருள் பயன்பட்டது என்பதை ஒட்டி அவற்றை இயற்றியவர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்று ஏற்பாடு செய்தார்கள். பயன்படும் வரையில் பணம் வருவதால் பராமரிக்க வழி ஏற்படுகிறது. ஆனால் இதிலும் குறை உண்டு. மாதக் கட்டணத்தை நிறுத்திய அன்றே கருவிகள் எல்லாம் கையை விட்டுப் போய்விடும். சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் உள்ள வேற்றுமை அது.

நல்ல ஏற்பாடும் நாளடைவில் மாறக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. வாங்குவோரே பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று புகழ் பெற்ற ஹம்பிள் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் கைமாறியது. 2021-ஆம் ஆண்டில், ஒவ்வொரு கட்டிலும் தனக்கென்று ஒரு குறைந்தபட்சப் பங்கு இருந்தே தீர வேண்டும் என்று விதி வகுத்தது. பெயர் அதுவே, பங்கீடு அதுவன்று.

ஆகவே, மாணவர்களே, மலிவான கட்டு ஒன்று உங்கள் கண்ணில் படும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் எத்தனை மென்பொருளை நான் உண்மையாகப் பயன்படுத்துவேன்? நான் கொடுக்கும் பணத்தில் இயற்றியவருக்கு எவ்வளவு போகிறது என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்லுகிறாரா? இது முடிந்த படைப்பா, அல்லது அடுத்த ஆண்டும் ஒருவர் உழைத்தாக வேண்டிய கருவியா? தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பார்கள். இது தானமன்று, விலை கொடுத்து வாங்குவது. விலை கொடுப்பவர் பல்லையும் பார்க்கலாம். தீவனம் போடுபவர் யார் என்றும் கேட்கலாம்.

உங்களில் பலர் நாளை மென்பொருள் இயற்றும் தொழிலுக்கே போகக்கூடும். அன்று உங்கள் படைப்பையும் கட்டில் சேர்த்துத் தாருங்கள் என்று ஒருவர் வந்து கேட்பார். அப்போது கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். விற்பனை கூடினால் உங்கள் பங்கும் கூடுமா என்று கேளுங்கள். வந்து சேரும் வாடிக்கையாளருக்கு விடை எழுத ஆள் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்று விடை கிடைத்தால், தயங்காமல் கட்டில் சேருங்கள்.